சினைப்பை நீர்க்கட்டி: பெயர் மறைக்கும் பொருள்

'சினைப்பை நீர்க்கட்டி' என்னும் வழக்குப் பெயர் நோயின் இயல்பை மறைக்கிறது என்பது எம் கருத்து. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளல்ல. முதிராது தேங்கிய சினைமுட்டைப் பைகளே. பலரிடத்தில் இன்சுலின் எதிர்ப்பு இதனோடு பிணைந்துள்ளது. உடல் இன்சுலினுக்கு இணங்காதபோது கணையம் அதனை மேலும் சுரக்கிறது. அம்மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண் இயக்குநீரைப் பெருக்குகிறது. மாதவிலக்குத் தவறுகிறது, முகத்தில் உரோமம் அரும்புகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரையளவோ இயல்பாகவே இருந்துவிடக்கூடும். ஆதலின், 75 கிராம் குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரங்கழித்துச் செய்யும் சோதனையை 2023ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டி முதன்மைப்படுத்துகிறது. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களுள் 31.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு காணப்பட்டது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ வாழும் நம் பெண்ணொருத்தி, 'கட்டி கரைந்தது' எனக் கேட்டு அச்சோதனையைக் கைவிடுவாளாயின், அதில் இப்பெயருக்கும் பங்குண்டு.