உங்களுக்குத் தெரியுமா? சிங்கப்பூரில் கார் ஓட்டுவது!

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் வீடுகளுக்குச் சுமார் 14 விழுக்காடு. சாலைகளுக்கு 12 விழுக்காடு. இனி அகலப்படுத்த இடமில்லாத அந்த ஊரில், அரசும் கார்க்காரர்களும் ஐம்பது ஆண்டுகளாக ஆடிவரும் ஆடுபுலி ஆட்டத்திலிருந்து சில நகர்த்தல்கள்:

● நெரிசலைக் குறைக்க, நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் முதன்முதலில் கட்டணம் வாங்கிய நகரம் சிங்கப்பூர்தான். 1975 ஜூன் 2 முதல், காலை 7.30 – 9.30க்குள் நுழைய நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). முன்கண்ணாடியில் ஒட்டிய காகித உரிமத்தை எல்லையில் நின்ற அலுவலர்கள் பார்த்தே சரிபார்த்தார்கள்.

● மக்கள் சும்மா இருப்பார்களா? 9.30 வரை காத்திருந்துவிட்டு மொத்தமாக உள்ளே புகுந்தார்கள். சில வாரங்களிலேயே கட்டண நேரம் 10.15 வரை நீண்டது.

● நான்கு பேர் இருந்தால் காருக்குக் கட்டணமில்லை என்றது விதி. உடனே பேருந்து நிறுத்தங்களில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு ‘நாலு பேர்’ கணக்கைச் சரிக்கட்டினார்கள். காருக்குக் கட்டணம் மிச்சம், ஏறியவருக்கு பஸ் காசு மிச்சம். 1989இல் அந்தச் சலுகை போனது. மாலை நேரத்துக்கும் கட்டணம் வந்தது.

● 1998இல் காகிதம் போய் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. வாகன வேகத்தைப் பார்த்தே இதன் தொகையை முடிவு செய்கிறார்கள். விரைவுச்சாலையில் இலக்கு மணிக்கு 45 – 65 கி.மீ. அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும்.

● அங்கே கார் வாங்கப் பணம் மட்டும் போதாது; ஏலத்தில் ‘வாகன உரிமைச் சான்றிதழ்’ எடுக்க வேண்டும். 1990 மே மாதம் வந்த ஏற்பாடு இது. ஆயுள் பத்தாண்டு. அதன்பின் மறுபடி பணம் கட்ட வேண்டும், இல்லையேல் காரைச் சாலையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

● உலகப் பொருளாதாரம் தள்ளாடிய 2008 நவம்பரில் சிறிய கார்ச் சான்றிதழின் விலை வெறும் 2 வெள்ளி! 2023 அக்டோபரில் பெரிய கார்ச் சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்குப் போனது. கார் விலை தனி.

● சிவப்பு எண் பலகை கொண்ட கார், நெரிசலில்லா நேரத்துக்கான கார். வரிச் சலுகை உண்டு. ஆனால் வார நாளில் பகலில் எடுத்தால் தனி உரிமம் வாங்க வேண்டும்.

● மலேசியாவின் ஜொகூரில் பெட்ரோல் மலிவு. அங்கே போய் நிரப்புவதைத் தடுக்க, எல்லை தாண்டும் சிங்கப்பூர் கார்களின் டேங்கில் அரைப்பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்று 1989இல் விதித்தார்கள். 1991இல் அது முக்கால் ஆனது.

● ரயிலிலும் நெரிசல்! 2013 முதல் 2017 வரை, வார நாளில் காலை 7.45க்குள் நகர மைய நிலையங்களில் இறங்கியவர்களுக்குப் பயணம் இலவசம்.

● 2018 பிப்ரவரி முதல் கார் எண்ணிக்கையின் அனுமதிக்கப்பட்ட வளர்ச்சி பூஜ்யம். பழையது ஒன்று போனால்தான் புதியது ஒன்று வரலாம் என்பது அடிப்படைக் கணக்கு.

● பலன்? நெரிசல் நேரப் பயணங்களில் பொதுப் போக்குவரத்தின் பங்கு 2008இல் 59 விழுக்காடு, 2016இல் 67. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பயணங்கள் பஸ்ஸிலும் ரயிலிலும்தான்.