நீச்சற்குளத்தை மடித்து வைக்கும் முறை



குளிர்நாடுகளில் கோடை கழிந்ததும் வீட்டு நீச்சற்குளத்தைக் கழற்றி வைத்துவிடுவர். நீர் உறைந்து குளத்தைக் கெடுத்துவிடும் என்பதே அவர்தம் அச்சம். நம் ஜொகூரில் கோடையும் இல்லை, பனியும் இல்லை. ஆயினும் நவம்பர் வாக்கில் வடகிழக்குப் பருவக்காற்று பெருமழையைக் கொணர்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதைப் பெரியோர் மறந்திரார். மழைக்கு முன் குளத்தை எடுத்து வைத்தல் நமக்கும் வேண்டிய செயலே. ஆனால் நம் அச்சம் பனியன்று, கொசு.

முதலில் எம் பிழையைக் கூறிவிடுகிறோம். பாலர் வகுப்புக்கெனப் பள்ளியில் சிறு பிளாஸ்டிக் குளம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு விடுமுறைக்கு முன் அதன் நீரை வடித்து, உலர்த்தி, மடித்து, விளையாட்டுப் பொருள் அறையில் வைத்தோம். செவ்வனே செய்ததாகவே எண்ணினோம். சில மாதங்கள் சென்றபின் விரித்துக் குழாய்நீர் நிரப்பினோம். மறுநாள் மாலையே நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கண்ணாடிக் குவளையில் அந்நீரை மொண்டு வந்தான். நூல் துணுக்குகள்போல் கூத்தாடிப் புழுக்கள் அதில் நெளிந்தன.

புதிதாக இட்ட முட்டை பொரிக்க இரண்டு நாளேனும் வேண்டும். எனவே அவை பழைய முட்டைகளே. ஏடிஸ் கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. உலர்ந்த நிலையிலும் அவை பல மாதங்கள் உயிரோடிருக்கும். நீர் பட்டதும் பொரிக்கும். நம் நாட்டு வெப்பத்தில் 7 முதல் 10 நாட்களில் கொசுவாகிப் பறந்துவிடும். யாம் மடித்து வைத்தது குளத்தை மட்டுமன்று!

பால்வெட்டுத் தொழிலாளருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வெட்டு இல்லாத நாட்களில் கோப்பையைக் கவிழ்த்து வைப்பது எதற்கென அவர்கள் அறிவர். டிங்கிக் காய்ச்சல் நம் நாட்டுக்குப் புதிதுமன்று. 1902-இலேயே பினாங்கில் அது பதிவாகியுள்ளது. கொசு பெருக இடந்தருவது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

இனி முறையைக் காண்போம். 3 மீட்டர் அகலமும் 0.75 மீட்டர் ஆழமும் உள்ள வட்டக் குளத்தில் ஏறத்தாழ 5,300 லிட்டர் நீர் நிற்கும். எடை 5 டன்னுக்கு மேல். சுவரைச் சாய்த்துக் கொட்ட முயல்வது ஆபத்து. அருகில் குழந்தை நின்றால் அடித்துச் சென்றுவிடும். ரப்பர்க் குழாயில் நீரை நிரப்பி, ஒரு முனையைக் குளத்திலும் மறுமுனையைத் தாழ்ந்த நிலத்திலும் இட்டால் நீர் தானே வடியும். குளோரின் கலந்த நீரை மீன் வாழும் ஓடையில் விடலாகாது.

வடிந்தபின் சவர்க்கார நீரும் முரட்டுத் தூரிகையும் கொண்டு உட்சுவரை அழுந்தத் தேய்க்க வேண்டும். நீர்மட்டம் நின்ற பட்டையையும் மடிப்புகளையும் இருமுறை தேய்த்தல் நன்று. யாம் விட்டுவிட்ட வேலை இதுவே. தேய்த்த நீரைக் கால்வாயில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுக. பின்னர் இருபுறமும் நிழலில் உலர்த்தி, முகப்பவுடர் சிறிது தூவித் தளர்வாக மடிக்கலாம். தூவாவிடில் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். இரும்புக் குழாய்களைத் துடைத்து வைக்கவும். எலிக்கு எட்டாத உயரமான பலகையே ஏற்ற இடம். வெளியே வைத்துத் தார்ப்பாயால் மூடினால் அதன் பள்ளத்திலும் நீர் தேங்கும்.

எஞ்சிய குளோரின் மருந்தைப் பற்றி ஒரு சொல். நம் வீடுகள் சிலவற்றில் பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலம் இருப்பதுண்டு. இவ்விரண்டும் கலந்தால் நச்சுவாயு எழும். ஒரே தட்டில் வைக்காதீர். வெவ்வேறு இடத்தில், பூட்டி வைப்பீர்.

பள்ளிக் குளத்தை இம்முறை ஐந்தாம் ஆண்டு மாணவர்களே தேய்த்தார்கள். அது இப்பொழுது நூலக அலமாரியின் மேல் இருக்கிறது.