பெட்டியடியும் இரட்டைத் திரையும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சரிவான மூடி போட்ட சின்ன மரப்பெட்டிகள் கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் வரவேற்பறை அழகுக்கு வாங்கிப் போகிறார்கள். அவை கணக்கெழுதிய பெட்டிகள். மூடிமேல் ஏடு, உள்ளே பணமும் பத்திரமும். பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் லேவாதேவிக் கடை என்றால் பெரும்பாலும் இந்தப் பெட்டியும் ஒரு பாயும்தான்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் ஒரே நீளக் கூடத்துக்குள் பல விலாசங்கள், அதாவது நிறுவனங்கள், தொழில் நடத்தின. அவரவர் பெட்டி, அவரவர் அலமாரி, அவரவர் கணக்கு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் எடுபிடி வேலையோடு கணக்கும் பழகி, அடுத்தாளாகி, மேலாளாக உயர வேண்டும். அன்றாட வரவு செலவைக் குறிப்பில் எழுதி, அதைப் பார்த்துப் பேரேட்டில் பெயர்வாரியாகப் பதிந்து, ஐந்தொகை கட்டுவது முறை. ஆக, எப்போதும் இரண்டு ஏடுகள் விரிந்திருக்கும்: ஒன்று பார்க்க, ஒன்று எழுத. பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக 1930ஆம் ஆண்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அத்தனைக்கும் கணக்கு கையால்தான்.

இன்று காரைக்குடி செக்காலைப் பக்கம் ஏதாவது ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதத்தின் மூன்றாவது வாரம் போய்ப் பாருங்கள். இடது மானிட்டரில் டேலி, திரை முழுக்க. வலது மானிட்டரில் ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கிய 2பி பட்டியல், எக்செலில், அதுவும் திரை முழுக்க. இந்த 2பி வந்தது 2020இல். நமக்குச் சரக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்கள் அதில் 14ஆம் தேதி வந்து நிற்கும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் 20ஆம் தேதிக்குள் 3பி படிவத்தைப் போட வேண்டும். நம் கொள்முதல் கணக்கில் இருக்கும் பில் அங்கே இல்லையென்றால் அந்த வரிக்கு வரவு கிடையாது. வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு மானிட்டரும் ஒரே உயரமில்லை என்றால், பழைய வருமான வரிச் சட்டப் புத்தகம் ஒன்று முட்டுக்கு வந்துவிடும். சட்டப் புத்தகத்துக்கு இப்போது அதுவும் ஒரு வேலை.

நடுவில் ஒற்றைத் திரைக் காலம் ஒன்று இருந்ததே, அதுதான் கொடுமை. டேலி என்றைக்கும் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும் மென்பொருள். ஆல்ட்-டேப் அடித்து மாறுவதற்குள் பில் எண் மறந்துபோகும். கடைசியில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து, சிவப்புப் பென்சிலில் டிக் போடுவார்கள். கணினி வந்தும் இரண்டு ஏடுகள் விரியக் காகிதம்தான் தேவைப்பட்டது.

இரண்டாவது மானிட்டர் வந்த பிறகும் மென்பொருள்கள் சீக்கிரம் பழகவில்லை. விண்டோஸ் 98 பல திரைகளை ஏற்றது. ஆனால் டாஸ்க்பார் எல்லாத் திரையிலும் வர 2012இன் விண்டோஸ் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆப்பிள் கதை இன்னும் வேடிக்கை. 2011இல் வந்த லயன் பதிப்பில் ஒரு செயலியை முழுத்திரையாக்கினால், பக்கத்து மானிட்டரில் சாம்பல் நிறத் துணி நெசவுப் படம் மட்டுமே தெரியும். காசு கொடுத்து வாங்கிய திரை சும்மா கிடந்தது. 2013 அக்டோபரில் மாவெரிக்ஸ் வந்துதான் ஒவ்வொரு மானிட்டரும் தனித்தனியாக இயங்கியது. கிட்டங்கியில் பக்கத்துப் பெட்டி திறந்ததற்காக யாரும் தன் பெட்டியை மூடியதில்லை.

ஒன்றில் மட்டும் பெட்டியடிக் காலம் நம்மைவிட மேல். விரித்த ஏட்டில் கணக்கைத் தவிர வேறெதுவும் வராது. இப்போது பல மேசைகளில் வலது மானிட்டர் என்பது வாட்ஸ்அப் வெப்புக்கு ஒதுக்கிய இடம். ஒரு திரையை மட்டும் முழுதாக்கிவிட்டு மற்றதில் ஏழு ஜன்னல்களைச் சிதறவிட்டால், இரண்டாவது மானிட்டர் வாங்கியதே வீண். இரண்டையும் நிரப்பினால்தான் கணக்கு ஓடும்.

வீட்டிலோ கடையிலோ பழைய மானிட்டர் தூசி படிந்து கிடந்தால் எடுத்துச் சொருகுங்கள். விண்டோஸ் விசையோடு பி அழுத்தி எக்ஸ்டெண்ட் கொடுங்கள். விண்டோஸ், ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜன்னல் பக்கத்துத் திரைக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பை 20ஆம் தேதிக்குப் பிறகு திறந்துகொள்ளலாம்.