வெயிலுக்கு வேலை கொடுக்கும் வீடு

ஏப்ரல் 24-ஐ ஒட்டிய ஒரு நண்பகலில், சென்னையில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும் நாள் அது. கன்னியாகுமரிக்கு அந்த நாள் ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே வந்துவிடும். ஆனாலும் வெயில் உச்சத்தைத் தொடுவது மே மாதத்தில்தான். வாரக்கணக்கில் காய்ந்து சூடேறிய நிலம், மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, அதை எதிர்த்து ஊருக்குள் நுழையத் திணறும் கடற்காற்று எல்லாம் ஒன்றுசேரும் நேரம் அது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் அக்னி நட்சத்திர நாட்களைப் பஞ்சாங்கம் பார்க்காதவர்களும் கத்திரி வெயில் என்றே சொல்வார்கள். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது.

பள்ளி விடுமுறையும் இதே நாட்களில்தான். பேரன் பேத்திகள் ஊருக்கு வந்து சேர்வார்கள். சித்தி வீட்டுப் பிள்ளைகளும் அத்தை வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். தமிழ்க் குடும்பங்கள் கோடையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடவில்லை. வந்த வெயிலுக்கு வேலை கொடுத்தன. ஆண்டு முழுக்கச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வேண்டிய வடாமும் வற்றலும் இந்தச் சில வாரங்களில்தான் மாடியில் காய்ந்தன.

வடாம் போடும் நாளில் வீடு விடியும் முன்பே எழுந்துவிடும். இரவே ஊறவைத்த ஜவ்வரிசியைக் கண்ணாடி போலத் தெளியும் வரை கிளறி, அரைத்த பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து, ஆறிய பின் எலுமிச்சைச் சாறு பிழிவார்கள். மாடியில் ஈர வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, கரண்டி கரண்டியாக ஊற்றி முடிப்பதற்குள் முதுகில் வெயில் ஏறிவிடும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால், ஒட்டிய வடாம் கிழியாமல் உரிந்து வரும். மறுநாள் தட்டுகளில் பரப்பி இன்னொரு காய்ச்சல்.

"பாட்டி, இது காஞ்சிருச்சா?"

"ஒடிச்சுப் பாரு கண்ணு. படக்குன்னு சத்தம் வந்தா எடுத்துடலாம்."

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருப்பது நல்ல அறிவியல். வேகும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கூழாகிறது. காயும்போது அது இறுகி, கொஞ்சம் ஈரத்தை மட்டும் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் அந்த ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி வெளியே முட்ட, வடாம் விரிந்து பூக்கிறது. ஈரம் கூடுதலாக இருந்தால் பொரியாது, பல்லில் ஒட்டும். டப்பாவில் பூஞ்சையும் பிடிக்கும்.

மோர் மிளகாய்க்குப் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். காம்போடு கூடிய மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைப்பார்கள். பகலில் மிளகாய் வெயிலுக்குப் போகும், மோரும் தனியே வெயில் காயும். மாலையில் மிளகாய் மறுபடி மோருக்குள் இறங்கும். மோர் முழுக்க வற்றும் வரை இந்தப் போக்குவரத்து நடக்கும். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் எல்லாம் இதே மாடியில்தான் வற்றலாகின்றன. தஞ்சை வட்டாரத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் சேர்த்து உருட்டும் வெங்காய வடகம் உண்டு. யாழ்ப்பாணத்து வீடுகளில் வேப்பம்பூ வடகம் காயும். சித்திரையில் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் பூவைக்கூட வீணாக்காத கைகள் அவை.

பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. நிழலோரம் உட்கார்ந்து காக்கை விரட்டுவதும், ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பறவைகளை மிரள வைப்பதும் அவர்கள் பொறுப்பு. அதற்குக் கூலி, துணியிலிருந்து நேரே உரித்துத் தின்னும் பாதி காய்ந்த வடாம். பொரித்த வடாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தப் பாதி காய்ந்த ருசிக்கு மாடி ஏறத்தான் வேண்டும்.

இந்த வேலையின் பெரும்பாரம் பெண்கள் தோளில்தான் இருந்தது. ஓரகத்தியும் நாத்தனாரும் அண்டை வீட்டு அக்காவும் கூடி, இன்று உங்கள் வீடு, நாளை எங்கள் வீடு என்று முறை வைத்துச் செய்ததால்தான் அது முடிந்தது. வேலைக்கும் போய்விட்டு ஒற்றை ஆளாக இதைச் செய்யச் சொல்வது நியாயமல்ல, கடையில் வாங்குவதில் குறையும் இல்லை. ஆனால் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டை மாடிக் கதவு பூட்டியே கிடக்கிறது. வெயில் கொட்டிக் கிடக்கும் அத்தனை இடமும் தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் மட்டும் போய்விட்டது. ஏப்ரல், மே இரண்டு மாதமாவது அந்தச் சாவியை வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்தால், நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு காலைப் பொழுதில் ஓராண்டு வடாமைப் போட்டுவிடலாம்.

மாடி அப்படியென்றால், கொல்லைப்புறம் கோடையில் வேறு மாதிரிக் கவனிப்பைக் கேட்கிறது. நண்பகலில் கத்தரிச் செடியும் பூசணிக் கொடியும் இலை தொங்கி நிற்பதைப் பார்த்ததும் பதறித் தண்ணீர் ஊற்றுபவர்கள் பலர். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை நீரை இழக்கும் வேகம் கூடுவதால் வரும் வாட்டம் அது. மண்ணில் ஈரம் இருந்தாலும் வரும், வெயில் தணிந்ததும் தானே நிமிரும். மாலைக்குப் பிறகும் தொங்கினால்தான் செடிக்கு உண்மையான தாகம். விடியற்காலையில் வேர் நனைய ஊற்றி, மேல்மண்ணைச் சருகாலும் தேங்காய் மட்டையாலும் மூடாக்குப் போட்டால், ஊற்றிய நீர் மண்ணிலேயே தங்கும்.

வெயில் ஏற ஏறச் செழிப்பது மல்லி. கார்த்திகையில் கவாத்து செய்து விட்ட செடி, பங்குனி தொடங்கி அள்ளிக் கொடுக்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இதுதான் விளைச்சல் காலம், அதனால் சந்தையில் விலை இறங்கும் காலமும் இதுவே. வீட்டில் இரண்டு செடி இருந்தாலே போதும். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பறித்த மொட்டைத் தொடுக்கும்போது தெருக்கதை முழுக்கப் பேசி முடித்துவிடலாம்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டுக் கோடைத் தோட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு போயின. லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த தெருக்களில் பூச்செடிக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? அந்த நாட்களிலும் பல வீடுகளில் வாழை பசுமையாக நின்றதற்குக் காரணம், அரிசி களைந்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் அதன் பாத்திக்கே போனதுதான். குளியலறைக் கழிவுநீர் போகும் வழியில் கல்வாழையும் சேம்பும் வளர்த்தது பழைய வீடுகளின் வழக்கம். கீரைப் பாத்திக்கு மட்டும் சோப்பு நீரைக் காட்டக் கூடாது. எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இல் கட்டாயமாக்கியது. அந்தக் குழாயையும் வடிகட்டும் மணலையும் சுத்தம் செய்ய ஏற்ற நேரம், ஒரு சொட்டு மழையும் இல்லாத இந்தக் கோடைதான்.

உட்புறத்தில் குளிர்ச்சிக்கு மண்பானை. அதன் நுண்துளைகளில் கசியும் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அரை லிட்டருக்கும் மேற்பட்ட நீரை ஒரு டிகிரி குளிர்விக்க அது போதும். காற்று வறண்ட வேலூரில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும், புழுக்கம் மிகுந்த சென்னையில் அவ்வளவு குளிராததும் இதனால்தான். பானையைச் சமையலறை மூலையிலிருந்து ஜன்னலோரத்துக்கு நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

மதிய வெயிலில் தாயமும் பல்லாங்குழியும் சீட்டும் கூடத்தை நிறைக்கும். நான்கு மணிக்கு நன்னாரி சர்பத்தோ நீர்மோரோ சுற்றி வரும். நுங்கு வண்டி வந்துவிட்டால் ஆட்டம் பாதியில் நிற்கும். இருட்டியதும் மாடியில் தண்ணீர் தெளித்து, தளம் சூட்டைக் கக்கி முடிக்கக் காத்திருந்து, ஒன்பது மணிக்குப் பாத்திரம் நிறையத் தயிர்சாதம் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கையில் வைப்பார்கள். காய்ந்து முடிந்த வடாமில் முதல் கைப்பிடி அப்போது பொரியும்.

பங்கனபள்ளியும் செந்தூரமும் இமாம்பசந்தும் வந்து போய், கடைசியாக நீலம் மாம்பழம் கடைக்கு வரும்போது பள்ளிகள் திறந்திருக்கும். வற்றல் டப்பாக்களில் ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மீதி பரணுக்கு ஏறும். கொல்லையில் பாத்தியைக் கொத்தி, மக்கிய சாணம் கலந்து ஆறப்போடுவார்கள். ஆடிப் பட்டத்துக்கு அவரையும் பீர்க்கும் ஊன்ற, கொடியிலேயே முற்றவிட்ட காய்களை உடைத்து விதை எடுக்கும் வேலை அடுத்துக் காத்திருக்கிறது.