அவசர போன் எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் பேசும் அலுவலக போன்களைப் பற்றிச் சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆபத்து நேரத்தில் அது உதவுமா?

அமெரிக்காவில் அவசர எண் 911. 2013 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் கொல்லப்பட்டார். அவருடைய 9 வயது மகள் அறை போனில் 4 முறை 911 அழுத்தினாள். அழைப்பு போகவில்லை. வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது குழந்தைக்கு எப்படித் தெரியும்?

இதனால் பிறந்த 'கேரி சட்டம்' 2020 பிப்ரவரி 16 முதல் அமலில் உள்ளது. அதன் பின் பொருத்தப்படும் போன் சிஸ்டங்களில் நேரடியாக 911 போக வேண்டும்.

அழைப்பு போனால் மட்டும் போதுமா? பெரிய கட்டடத்தில் எந்த மாடி, எந்த அறை என்று தெரியாவிட்டால் ஆம்புலன்ஸ் வந்தும் தேட வேண்டியதுதான். எனவே 'ரே பாம் சட்டம்' இடத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறது. மேஜை போன் எந்த நெட்வொர்க் சுவிட்சின் எந்த போர்ட்டில் செருகப்பட்டுள்ளது என்பதைப் பார்த்து, முன்பே பதிந்து வைத்த பட்டியலிலிருந்து அறையை சிஸ்டம் கண்டுபிடிக்கும்.

லேப்டாப் போன் ஊர் சுற்றுமே! அதில் பெரும்பாலும் நாமே முகவரியைப் பதிய வேண்டும். அமெரிக்காவில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: வீடு மாறினால் இந்த முகவரியையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் பழைய வீட்டு வாசலில் போய் நிற்கும்.