மழையும் வைப்பரும் ஓம் விதியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர், சிதம்பரம் சாலையில் கார் ஓட்டுவோருக்கு வைப்பரின் அருமை தெரியும். அடைமழையில் அது நின்றுவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். அத்தகைய வைப்பர் ஒன்று எனக்குப் புகட்டிய பாடத்தை மாணவ நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தை அண்ணாமலை நகரில் சிறிய கார் பட்டறை வைத்திருக்கிறார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான்தான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பரங்கிப்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைக் கொண்டுவந்தார். 1961-இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய கார் வகை அது. இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயச் சாயல் கார், ஹெரால்டின் அடிப்படையில் உருவானதே. ஆசிரியரின் காரில் வைப்பர் எறும்புபோல் ஊர்ந்து பாதியிலேயே நின்றது.

வைப்பரின் அமைப்பு எளிது. 12 வோல்ட் மோட்டார் ஒன்று சுழல்கிறது. அச்சுழற்சி பற்சக்கரத்தின் உதவியால் முன்னும் பின்னுமான அசைவாக மாறுகிறது. குழாய்க்குள் ஓடும் பல்வைத்த கேபிள் அவ்வசைவைக் கண்ணாடியின் கீழுள்ள இரு சிறு சக்கரங்களுக்குக் கொண்டுசெல்ல, துடைக்கும் கைகள் ஆடுகின்றன.

படித்த பெருமிதத்துடன் மோட்டாரின் இரு கம்பிகளையும் கழற்றி, அவற்றுக்கிடையே வோல்ட்மீட்டரை வைத்தேன். 12 வோல்ட் காட்டியது. "மின்சாரம் ஒழுங்காக வருகிறது. மோட்டார்தான் போய்விட்டது" என்று தீர்ப்பு கூறினேன். பென்ஷனில் வாழும் ஆசிரியரின் முகம் வாடிற்று.

தந்தை கேட்டார்: "தம்பி, நிக்கிறப்ப அளந்தே. ஓடுறப்ப அளந்து பாத்தியா?"

முதலில் அவர் கேபிளை மோட்டாரிலிருந்து பிரித்தார். மோட்டார் தனியாகவும் மெதுவாகவே சுழன்றது. ஆகவே கிரீஸ் உலர்ந்து கேபிள் இறுகியதன்று காரணம். பிறகு, மோட்டார் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் இணைப்பிலும், மற்றதை பாட்டரியின் எர்த் முனையிலும் வைக்கச் சொன்னார். ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் 4 வோல்ட் காட்டியது!

காரில் மின்சாரம் கம்பி வழியே சென்று இரும்பு உடல் வழியே திரும்புகிறது. அதையே எர்த் என்கிறோம். உப்புக் காற்றால் அந்த எர்த் போல்ட்டின் அடியில் துரு ஏறியிருந்தது. துரு 2 ஓம் தடையாக நின்றால், 2 ஆம்பியர் ஓடும்போது 4 வோல்ட் அங்கேயே வீணாகும். மோட்டாருக்கு எஞ்சுவது 8 வோல்ட்தான். கம்பியைக் கழற்றியதும் மின்னோட்டம் அநேகமாக இல்லை. ஓட்டம் இல்லையேல் தடை இருந்தும் இழப்பு இல்லை. நான் ஏமாந்தது அங்கேதான்.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். வைப்பர் சுறுசுறுப்பாக ஆடியது. ஆசிரியருக்கு ஆனது கைக்கூலி மட்டுமே.

பிற கோளாறுகளையும் அறிந்துகொள்வது நலம். வைப்பர் அசையவே இல்லையெனில் முதலில் ஃபியூஸையும் பிறகு சுவிட்சையும் பார்க்கவேண்டும். மோட்டார் ஓடியும் கை ஆடாவிட்டால் கையின் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். அல்லது கேபிளின் பல் தேய்ந்திருக்கலாம். சுவிட்சை அணைத்ததும் ஓரத்துக்குச் செல்லாமல் நடுவில் நின்றால் மோட்டாருடன் இணைந்த நிறுத்தும் சுவிட்சில் குறை. நீர் கோடுகோடாக நின்றால் ரப்பரை மாற்றினால் போதும்.

அன்றிரவு பழைய பில் ஒன்றின் பின்புறம் மின்சுற்றை வரைந்து, 1827-இல் ஜெர்மானிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதியைத் தந்தைக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "இதுக்குப் பேரெல்லாம் வச்சிருக்காங்களா?" என்று வியந்தார்.

தேர்வில் அவ்விதியைப் பிழையின்றி எழுதியவன் நான். பெயர் தெரியாமலே அதைக் கையாண்டு வந்தவர் அவர். இப்போதெல்லாம் விடுமுறை நாட்களில் மீட்டரை நான் பிடிக்கிறேன். எங்கே வைக்கவேண்டும் என்பதை அவர் சொல்கிறார்.