நம் மலை மழை போய்ச் சேரும் ஊர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. 2019 நவம்பர் 26 அன்று புது மாவட்டம் உதயமானபோது கல்வராயன் மலை நம் பங்குக்கு வந்தது. மரக்காணம் கடற்கரை விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் நமக்கென்று ஒரு துறைமுகம் இருக்கிறது. கல்வராயன் மலைச்சரிவில் பெய்யும் மழை கோமுகியாக இறங்கி, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, நல்லூரில் மணிமுத்தாற்றோடு கலந்து, விருத்தாசலம் கோயிலை ஒட்டி ஓடி, கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் சேர்ந்து, சேத்தியாத்தோப்பு, புவனகிரி கடந்து கடலில் விழுகிற இடம் பரங்கிப்பேட்டை.

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு ஏற்காடு, புதுச்சேரி என்றுதான் உடனே பதில் வரும். பரங்கிப்பேட்டையை யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் 1993 வரை கள்ளக்குறிச்சியும் பரங்கிப்பேட்டையும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தவை. அப்போது கலெக்டர் ஆபீஸ் வேலை என்றால் நம்மூர்க்காரர்கள் கடலூருக்குத்தான் பஸ் ஏறவேண்டியிருந்தது. இன்றைக்கும் காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பிவிடக்கூடிய தூரம்தான்.

விருத்தாசலம் வழியாகப் போவது நல்லது. சாலை ஆற்றைவிட்டு விலகி விலகி ஓடினாலும், பாலம் வரும் இடங்களிலெல்லாம் வண்டியை நிறுத்தி ஆற்றை எட்டிப் பார்க்கலாம். விருத்தாசலத்தில் மணிமுத்தாறு, சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்று அணைக்கட்டு, அடுத்து புவனகிரிப் பாலம். பு.முட்லூரில் திரும்பினால் பரங்கிப்பேட்டைக்குச் சிறிது நேரம்தான். வழிநெடுக ஆற்றைப் பார்த்துக்கொண்டே போனால்தான் துறைமுகத்தின் கதை புரியும்.

கொடிகள் மாறிய கரை

போர்ச்சுக்கீசியர்கள் இதை ‘போர்ட்டோ நோவோ’ என்றார்கள். மரக்காயர்களின் கப்பல்கள் மலாக்காவுக்கும் சுமத்திராவுக்கும் போய்வந்த காலத்தில் ‘மஹ்மூது பந்தர்’ என்ற பெயரும் வழங்கியது. டச்சுக்காரர்கள், டேனிஷ்காரர்கள், ஆங்கிலேயர்கள் என்று எல்லோரும் இங்கே கடை விரித்தார்கள். அவர்கள் தேடி வந்தது உள்நாட்டுத் தறிகளின் துணியை. ஆற்றுப்படுகையில் விளைந்ததும் நெய்ததும் கடலைச் சேர்ந்த வாசல் இதுதான்.

1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் பெரும்படையும் ஐர் கூட்டின் கம்பெனிப் படையும் இந்த மணல்மேடுகளில்தான் மோதின. கடலில் நின்ற ஆங்கிலக் கப்பல் கரையைப் பார்த்துக் குண்டு பொழிந்தது. கம்பெனி வென்றது. பள்ளிக்கூடப் பாடத்தில் ஒற்றை வரியில் கடந்துபோகிற அந்தப் போர்க்களத்தில் இன்று சவுக்கும் முந்திரியும் நிற்கிற கரையோர மண்ணைத்தான் பார்க்கலாம்.

அடுத்த நூற்றாண்டில் நடந்தது இன்னும் வியப்பானது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-ஐ ஒட்டி இங்கே ஓர் இரும்பாலை அமைத்தார். சேலம் பக்கத்து மலைகளின் இரும்புத் தாது இங்கே வந்து உருகியது. அந்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. வேல்ஸில் 1850-ல் திறக்கப்பட்ட பிரிட்டானியா ரயில் பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. உலைக்கு நிலக்கரி கிடையாது, விறகுக் கரிதான். கரிக்கு மரம், மரத்துக்குக் காடு. அக்கம்பக்கத்துக் காடுகள் கரைய, கரி கிடைப்பதே பெரும்பாடாகி, ஆலை நொடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணமானது. உள்நாட்டில் ஒன்றை ஒட்டச் சுரண்டினால் அதை நம்பியிருக்கிற துறைமுகம் படுத்துவிடும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

ஊருக்குள் நடந்தால் பழைய மரக்காயர் வீடுகளின் தூண் வைத்த திண்ணைகள், பள்ளிவாசல்கள், எல்லா மதத்தாரும் நேர்ந்துகொண்டு வருகிற அரைக்காசு அம்மா தர்கா எல்லாம் அடுத்தடுத்து வரும். கிரியா யோக மரபினர் தங்கள் பாபாஜி பிறந்த ஊர் என்று நம்பி வட இந்தியாவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஆற்றின் தென்கரையில் இருக்கும் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது, அங்குள்ள இஸ்லாமியர்கள் மரியாதை செய்து வரவேற்பது காலங்காலமாக நடந்துவருகிறது. அந்த நாளைப் பார்த்துப் போனால் இரட்டிப்புப் பலன்.

அன்னங்கோயில் ஏலம்

ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். விடியும் முன்பே அன்னங்கோயில் இறங்குதளத்துக்குப் போய்விட வேண்டும். ஃபைபர் படகுகள் வரிசையாக வந்து ஒட்ட, வலையோடு மீன் இறங்குகிறது. சங்கரா ஒரு குவியல், கானாங்கெளுத்தி ஒரு குவியல், நெத்திலி கூடை கூடையாக. ஏலம் விடுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போக, சுற்றி நிற்கிற வியாபாரிகள் தலையசைப்பிலும் விரலசைப்பிலும் முடிக்கிறார்கள். அன்னக்கூடையோடு நிற்கும் பெண்கள் கூறு கட்டிய மீனைப் பேரம் பேசி வாங்கி, ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு விரைகிறார்கள். களி நண்டுகளுக்குத் தனி மரியாதை. கொடுக்குகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, பெரியது சிறியது பிரித்து விலை சொல்கிறார்கள்.

அங்கே எல்லோர் கண்ணும் தேடுவது இறாலை. நான் போன அன்றைக்கு இறால் கூடைகள் மிகச் சிலவே. கரையோரம் உட்கார்ந்து வலைக்கண்ணைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “ஐயா, பாடு எப்படி?” என்றேன்.

“எங்க தம்பி... ஐப்பசி கார்த்திகையில மேக்க மழை பேஞ்சு, ஆத்துல கலங்கத் தண்ணி வந்தாத்தான் எறா. வெறும் உப்புத் தண்ணியில என்னா வரும்?”

கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிறேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நீங்கதான் எங்களுக்கு மேக்க” என்றார்.

அவர் சொன்னது அனுபவம் மட்டுமில்லை, அறிவியலும் அதுதான். வெள்ளை இறால் கரையைவிட்டுத் தள்ளிக் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏத்தத் தண்ணீரோடு முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் நுழைகின்றன. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்த கழிமுகத்தில், கண்டல் வேர்களின் இடுக்கில், சில மாதங்கள் தின்று வளர்ந்து மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா, களி நண்டு எல்லாவற்றுக்கும் வாழ்வில் ஒரு பருவமாவது இந்தக் கலப்புத் தண்ணீர் வேண்டும். வெள்ளாற்றங்கரையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கழிமுகத்தின் உப்பையும் ஓதத்தையும் உயிர்களையும் அளந்துவருகிறது. நாட்டின் முன்னோடிக் கடலியல் ஆய்வுக்கூடங்களில் ஒன்று நம் ஆற்றின் வாயில் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆற்றுவாய் மூடினால்

கடற்கரைக்குப் போய் முகத்துவாரத்தைப் பாருங்கள். வறண்ட மாதங்களில் கடல் தன் பாட்டுக்கு மணலைக் கொண்டுவந்து ஆற்றுவாயில் தள்ளிக்கொண்டே இருக்கும். சோழமண்டலக் கரை நெடுகிலும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது இயல்பு. முன்பெல்லாம் மழைக்காலத்து வெள்ளம் அந்த மணல்மேட்டை உடைத்துக்கொண்டு போய் வழியைத் திறந்துவிடும். வெள்ளம் மெலிந்துபோனால் மேடு அப்படியே நிற்கும். படகு தரை தட்டும். அலை புரளும் நேரத்தில் அந்தக் குறுகிய வழியில் படகைத் திருப்புகிறவனுக்கு உயிர் கையில் இல்லை.

மணல் கடல் பக்கம் மிஞ்சுகிறது, ஆற்றுப் பக்கம் இல்லாமல் போகிறது. என்னை உறுத்துவது இதுதான். மணிமுத்தாற்றிலும் வெள்ளாற்றிலும் ஆண்டுக்கணக்கில் மணல் அள்ளி அள்ளிப் படுகை பள்ளமாகிவிட்டது. பள்ளமான ஆற்றில் கடல்நீர் மேலும் மேலும் உள்ளே ஏறுகிறது. புவனகிரிப் பக்கம் வரை ஆற்றங்கரைக் கிணறுகளில் உப்பு கரிக்கிறது என்று அங்குள்ள விவசாயிகள் முறையிட்டு வருகிறார்கள். மலையிலிருந்து மழை உருட்டிக்கொண்டு வரும் மணல் 46 அடி கோமுகி அணையிலும் மணிமுத்தாற்றின் 36 அடி மணிமுக்தா அணையிலும் பெருமளவு தங்கிவிடுகிறது. தப்பி வருகிற மணலுக்கு மேமாத்தூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு என்று அடுத்தடுத்து அணைக்கட்டு. அதையும் தாண்டினால் லாரி. கடைசியில் கடலுக்குப் போய்ச் சேர்வது என்ன?

ஆற்றுக்குத் தெற்கே கிள்ளையை ஒட்டி விரிகிற பிச்சாவரம் கண்டல் காட்டுக்கும் இதே பசி. வெள்ளாறும் கொள்ளிடமும் இரண்டு பக்கமும் ஊட்டினால்தான் அந்தக் காடு தழைக்கும். நன்னீர் குறைந்து மண்ணில் உப்பு ஏறிய இடங்களில் மரங்கள் பட்டுப்போய், பிறகு வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டு, கன்று நட்டு மீட்டெடுக்க வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் காட்டின் பின்னால் இருந்த ஊர்கள் பெரும் சேதத்திலிருந்து தப்பின. காட்டுக்கு முன்னால், திறந்த கடலைப் பார்த்து இருந்த எம்.ஜி.ஆர். திட்டு மக்கள் இழந்தது கொஞ்சமல்ல. பிறகு அவர்கள் உள்ளே குடிபெயர்ந்தார்கள். 2022-ல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் போதாது, வேருக்குத் தண்ணீர் வேண்டும்.

வீண் என்று யார் சொன்னது?

நெல்லுக்கும் கரும்புக்குமே போதாதபோது கடலுக்கு எதற்குத் தண்ணீர் என்று நம் விவசாயிகள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மீன்பாடு குறைந்ததற்குச் சுருக்குமடி வலையும் விசைப்படகுகளுமே காரணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆனால் முகத்துவாரத்தில் நின்று பார்த்தால், ஆறு கடலுக்குக் கொடுப்பதை வீண் என்று சொல்ல நா எழாது. அந்தத் தண்ணீர்தான் இறாலாகவும் நண்டாகவும், நம் வாரச்சந்தையில் கூறு கட்டி வைக்கும் கருவாடாகவும் நமக்குத் திரும்பி வருகிறது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரிம்ஸ்பி என்றொரு ஊர். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. ஐஸ்லாந்தோடு மூண்ட காட் மீன் தகராறு 1976-ல் முடிந்தபோது, தொலைதூரக் கடல் அவர்களுக்கு மூடிக்கொண்டது. படகுகள் அற்றுப்போயின. இன்று அங்கே போகிறவர்கள் மீன்பிடி மரபைச் சொல்லும் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்கிப் பழைய இழுவைக் கப்பலைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அந்த ஊருக்கு மீன் போனது அரசியலால். பரங்கிப்பேட்டைக்கு அப்படி ஒரு நிலை வந்தால் ஐஸ்லாந்தைக் குறை சொல்ல முடியாது. மேற்கே இருக்கிற நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சுற்றுலாத் திட்டம் என்றதும் அலங்கார வளைவு, செல்ஃபி மேடை, படகுச் சவாரி என்றே பேச்சு போகிறது. முகத்துவாரத்தில் தூண்டில் வளைவு கட்டுவது, தூர்வாருவது எல்லாம் தேவைதான். ஆனால் ஆற்றில் வெள்ளமும் மணலும் வராமல் எந்த வளைவும் நெடுநாள் காக்காது. போர் நடந்த மேட்டையும் பழைய வீடுகளையும் காட்டிப் பெருமைப்படுவதற்கு முன்னால் இந்த ஊரை ஊராக்கிய ஆற்றைக் காப்பாற்ற வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தை முதல் பங்குனி வரை நல்ல பருவம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏலத்தின் பரபரப்பு குறைந்திருக்கும். சிதம்பரத்திலிருந்து பஸ் உண்டு. கடலூர் - சிதம்பரம் ரயில் பாதையில் பரங்கிப்பேட்டைக்கென்று ஸ்டேஷனும் உண்டு. ஆராய்ச்சி மையத்தைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். கச்சிராயபாளையத்து அணைக்கட்டில் தொடங்கி அன்னங்கோயில் ஏலத்தில் முடிகிற ஒரு சுற்றுலாவை நம் மாவட்டப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒருமுறையாவது ஏற்பாடு செய்யுங்கள். மாவட்ட நிர்வாகங்களுக்கு இன்னொன்று. கள்ளக்குறிச்சியும் கடலூரும் ஒன்றாக உட்கார்ந்து, மழைக்காலத்தில் முகத்துவாரம் வரை எவ்வளவு தண்ணீர் போயாக வேண்டும் என்று கணக்கிட்டு முடிவு செய்யட்டும். அந்தக் கூட்டத்தில் பாசன விவசாயிக்குப் பக்கத்து நாற்காலியில் மீனவரும் உட்காரட்டும். படுகையில் மணல் அள்ளுவது அதுவரை ஒரு லாரி அளவுக்குக்கூட வேண்டாம்.